திறந்த கதவும் உள்ளே நமக்குரிய இடமும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அனுப்பிவைத்த சங்கம் இது. அப்பிள்ளைகளுள் பலர் இன்று கணிப்பொறிக் கல்வி பயில்கின்றனர். அவர்கள் நுழையத்தக்க ஓர் உலகத்தைப் பற்றியும், அங்கே பழகும் முறை பற்றியும் சில கூற விரும்புகிறேன். திறந்த மூல மென்பொருள் என்பது அவ்வுலகின் பெயர்.

ஒரு மென்பொருளின் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கு வழங்கலாம் என்பதே இதன் அடிப்படை. 1983ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் இவ்வுரிமையை முன்வைத்து க்னூ திட்டத்தை அறிவித்தார். 1991ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் எழுதிவந்த இயங்குதளத்தைப் பற்றி அறிவித்துப் பிறர் கருத்தைக் கேட்டார். அப்போது அவருக்கு வயது 21. அதுவே லினக்ஸ். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடித்தளமாக இயங்குவதும் அதுவே.

அங்கே பட்டச் சான்றிதழ் கேட்பதில்லை. ஆயினும், திறந்திருக்கிறது என்று அறிவிப்பது வேறு. உள்ளே சென்று உரிமையோடு அமர்வது வேறு. இதனை நம்மைவிட அறிந்தவர் யார்? பொதுக்குளங்களை ஒடுக்கப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் நிறைவேற்றியது. எனினும் மகாடு நகரின் சவுதார் குளத்தில் நம் மக்கள் நீர் அருந்துவதற்கு, 1927 மார்ச்சில் அண்ணல் அம்பேத்கர் முன்னின்று நடக்க வேண்டியிருந்தது.

மரியாதை என்ற சொல்லைக் கேட்டாலே நம் இளைஞர் சிலருக்கு மனம் கசக்கும். தோள்துண்டை இடுப்பில் கட்டுவதும் ஒதுங்கி நிற்பதுமே மரியாதை என்று நம் முன்னோர்க்குக் கற்பிக்கப்பட்டது. நான் கூறும் முறை அதுவன்று. ஒருவர் நேரத்தையும் உழைப்பையும் மற்றவர் மதிப்பதே இங்கு மரியாதை. அது இரு பக்கமும் செல்ல வேண்டியது.

முதலில் நம் பக்கத்தைப் பார்ப்போம். ஐயம் கேட்குமுன், அத்திட்டத்தின் விளக்க ஏடுகளைப் படியுங்கள். முன்னர் எவரேனும் அதே கேள்வியைக் கேட்டுள்ளனரா என்று தேடுங்கள். பிழையைத் தெரிவிக்கும்போது எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், எதை எதிர்பார்த்தீர்கள், எது நிகழ்ந்தது என்று வரிசையாக எழுதுங்கள். அலங்கார ஆங்கிலம் வேண்டுவதில்லை; சிறு சிறு வாக்கியங்களே போதும். திருத்தம் அனுப்பினால், ஒன்றில் ஒரு மாற்றம் மட்டும் இருக்கட்டும். அது ஏன் தேவை என்பதையும் எழுதுங்கள். விடை வரவில்லையெனில் ஓரிரு வாரம் பொறுத்துப் பணிவோடு நினைவூட்டுங்கள். நிரலைப் பராமரிப்போர் பலர் ஊதியமின்றி உழைப்பவர்கள்.

திருத்தம் திருப்பியனுப்பப்படுவது அங்கே அன்றாட நிகழ்ச்சி. தேர்ந்தவர்களுடையதும் திரும்பி வரும். குறை கூறப்பட்டது நிரலே, நீங்கள் அல்லர். காரணம் சரியெனில் திருத்துங்கள்; சரியன்று எனில் சான்றோடு மறுத்துரையுங்கள். ஏற்கப்பட்டபின் உங்கள் பெயர் அத்திருத்தத்தோடு வரலாற்றில் நிற்கும். உழைப்பு நம்முடையதாகவும் பெயர் பிறருடையதாகவும் இருந்த காலத்தை எண்ணுவோர்க்கு இதன் அருமை விளங்கும்.

இனி அவர்கள் பக்கம். லினக்ஸ் திட்டத்தில் கடுஞ்சொல் வெகுகாலம் வழக்கமாயிருந்தது. 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் தம் நடத்தைக்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்துச் சிறிது காலம் ஒதுங்கியிருந்தார். அதே திங்களில் அத்திட்டம் புதிய நடத்தை விதியை ஏற்றது. 2014இல் தோன்றிய கான்ட்ரிபியூட்டர் கவனன்ட் என்னும் விதித்தொகுப்பே அதற்கு அடிப்படை. அத்தொகுப்பின் 2021ஆம் ஆண்டுப் பதிப்பில், எவ்வகை வேற்றுமையும் பாராட்டலாகாது என்று கூறும் பட்டியலில் சாதி என்ற சொல்லும் இடம்பெற்றுள்ளது.

இது மகிழத்தக்கதே, ஆனால் இதுவே போதுமானதன்று. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதன் பின்னும் 1955இலும் 1989இலும் தனிச் சட்டங்கள் தேவைப்பட்டன. ஆகவே ஒரு திட்டத்தில் சேருமுன், விதி உண்டா, முறையிட யார் உளர், புதியவர் கேள்விகளுக்கு எவ்வாறு விடையளித்துள்ளனர் என்று பாருங்கள். இழிவுபடுத்தினால் அச்சொற்களைப் பதிவு செய்து முறையிடுங்கள். நியாயம் கிட்டாவிடில் வெளியேறுவதில் இழுக்கில்லை. நிரலின் படியை எடுத்துத் தனிக்கிளையாக வளர்க்கவும் உரிமம் இடம் தருகிறது. இந்தக் குளத்தை எவரும் பூட்ட இயலாது.

இறுதியாகச் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். ஊதியமில்லா உழைப்பு, ஓய்வு உள்ளவர்க்கே எளிது. மாலை வேலைக்குச் செல்லும் நம் மாணவர்க்கு அவ்வோய்வு இல்லை. உதவித்தொகையுடன் பயிற்சி அளிக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோடு 2005இலும், ஒதுக்கப்பட்டோரை முன்னிட்டு நடத்தப்படும் அவுட்ரீச்சி 2010இலும் தொடங்கின. அவற்றிற்கு விண்ணப்பிக்க நம் பிள்ளைகளை ஆயத்தம் செய்வோம். சங்கக் கட்டடத்தில் ஓர் அறை, சில கணிப்பொறிகள், இணைய இணைப்பு, இளையோரின் முதல் திருத்தத்தைப் படித்துப் பார்க்க இரண்டு மூத்தவர்கள்: இவ்வளவு இருந்தால் தொடங்கிவிடலாம். முதலில் நுழைந்தவர் அடுத்தவர்க்கு வழிகாட்டுவதையே நம் மரபாக்குவோம்.