மாத்திரை



‘தலைவலிக்கு ஒரு மாத்திரை கொடுங்க’ என்று மருந்துக்கடையில் கேட்கிறோம். அதே சொல்லைத் தமிழாசிரியர் கரும்பலகையில் எழுதி, ‘குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு’ என்கிறார். வகுப்பில் யாராவது ஒரு பையன், ‘சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா சார்?’ என்று கேட்காமல் இருக்கமாட்டான்.

வடமொழியில் ‘மா’ என்ற வேருக்கு அளத்தல் என்று பொருள். அதில் பிறந்த மாத்திரைக்கு அளவு என்று பொருள். எதை அளப்பது என்பதை அந்தந்தத் துறை முடிவு செய்துகொண்டது.

இலக்கணம் அளந்தது ஒலியின் நேரத்தை. இயல்பாகக் கண் இமைக்கும் நேரம், அல்லது விரல் நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்கிறது தொல்காப்பியம். இதைக் கேட்டுக்கொண்டே நீங்களும் ஒரு முறை விரலைச் சொடுக்கிப் பாருங்கள். சொடுக்க நினைத்தால் கால் மாத்திரை, விரலோடு விரல் ஊன்றினால் அரை, முறுக்கினால் முக்கால், சத்தம் எழும்போது ஒன்று. ஒரு சொடுக்கை நான்காகப் பிரித்திருக்கிறார்கள்! அந்தக் கால் மாத்திரையும் வீணாகவில்லை. ‘போலும்’ என்பது செய்யுளில் ‘போன்ம்’ என்று சுருங்கும்போது, கடைசி மகரமெய் தன் அரை மாத்திரையில் பாதியை இழந்து கால் மாத்திரையாகக் குறைகிறது. மகரக்குறுக்கம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள்.

நெடில் தன் இரண்டைத் தாண்டி மூன்றுக்கு நீண்டால் அளபெடை. அது செய்யுளுக்கு மட்டும் உரியதல்ல. காலையில் தெருவில் ‘கீரேஎ... கீரை’ என்று கூவிக்கொண்டு போகும் அம்மாளுக்கு அளபெடை தெரியும். அந்தப் பெயர்தான் தெரியாது.

ஒரு மாத்திரை குறைந்தால் என்ன ஆகும்? வாடை வடையாகும், பால் பல்லாகும். இதையே விளையாட்டாக்கி, மாத்திரைச் சுருக்கம் என்று சித்திரகவியில் ஒரு வகையே வைத்திருக்கிறார்கள் நம் புலவர்கள். ஒலிவாங்கி முன் உட்காரும் எங்களுக்கு இது விளையாட்டல்ல, பிழைப்பு.

இலக்கணத்துக்கு வெளியே, இந்துஸ்தானி இசையில் தாளத்தின் எண்ணிக்கை மாத்திரை; தீன்தால் என்ற தாளத்துக்குப் பதினாறு. இந்தி எழுத்தில் உயிர்மெய்க் குறிகளுக்கு இதே பெயர். சைவ சித்தாந்தத்தில் சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் ஐந்தின் நுண்நிலை தன்மாத்திரை. பேச்சிலோ, ‘கேட்ட மாத்திரத்தில் ஓடி வந்தான்’ என்றால் அது நேரம். ‘அவன் மாத்திரம் வந்தான்’ என்றால் எல்லை.

இனி மருந்துக்கு வருவோம். சித்த மருத்துவம் அகமருந்துகளை 32 வகையாகப் பிரிக்கிறது; மாத்திரை அதில் ஒன்று. சரக்குகளைக் கல்வத்தில் இட்டு, மூலிகைச் சாறு விட்டு அரைத்து, பதம் வந்ததும் உருட்டி நிழலில் உலர்த்துவார்கள். எவ்வளவு பெரிதாக உருட்டுவது? பயறளவு, மிளகளவு, குன்றிமணி அளவு என்று ஏடு சொல்லிவிடும். உருட்டும்போதே அளந்தாகிவிட்டது, அதனால்தான் அந்த உருண்டைக்கு அளவின் பெயரே நின்றது என்று எனக்குத் தோன்றுகிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும்கூட இதே சொல்தான். யாழ்ப்பாணத்தில் குளிசை என்பார்கள்.

இன்று அட்டையில் வரும் பாராசிட்டமாலில் 500 மி.கி. என்று அச்சிட்டிருக்கிறதே, அது மருந்தின் எடை மட்டும். வில்லையாகத் திரள்வதற்குச் சேர்த்த மாவுப்பொருள் தனி. சில மாத்திரைகள் நாள் முழுவதும் மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்டவை. விழுங்கச் சிரமம் என்று அவற்றை உடைத்தாலோ பொடித்தாலோ, நாள் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக உடலில் இறங்கிவிடும். ஆகவே நேயர்களே, வீட்டில் பெரியவர்களுக்கு மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தால், அடுத்த முறை கொடுக்கும் முன் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ, இதை உடைக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.