புல்வெட்டியும் பல்லாவரம் புழுதியும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறக்கும் நாட்களில் தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், செம்பாக்கம், பெருங்களத்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும் புல் வெட்டும் இயந்திரத்தின் சத்தம் காதில் விழும். சென்னையில் ஓர் ஆண்டில் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் ஏறத்தாழ 60 விழுக்காடு, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் கொட்டிவிடுகிறது. அந்த ஈரத்தில் காலி மனைகளில் இடுப்பளவுக்குக் கோரையும் பார்த்தீனியமும் மண்டிவிடும். பாம்புக்குப் பயந்து ஆள் கூப்பிட்டு வெட்டச் சொல்கிறோம். தோளில் மாட்டிக்கொண்டு வீசி வெட்டும் பிரஷ் கட்டர், அடுக்குமாடி வளாகங்களிலும் கல்லூரி மைதானங்களிலும் தள்ளிக்கொண்டு போகும் லான் மோவர் என்று இரண்டு வகை இயந்திரங்கள் இங்கே புழக்கத்தில் இருக்கின்றன. பெட்ரோலில் ஓடும் எதை எடுத்தாலும் இஞ்சினின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே ஏர் ஃபில்டர். அதைப் பராமரிக்க நாம் வைத்திருக்கும் கணக்கு நம் ஊருக்குப் பொருந்தாத கணக்கு என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. மாதக் கணக்கை விட்டுவிட்டு, இயந்திரம் ஓடிய மணிக் கணக்கையும் கிளம்பிய புழுதியையும் பார்த்துத்தான் அந்த மூடியைத் திறக்க வேண்டும்.

இஞ்சினுக்குப் பெட்ரோல்தான் தீனி என்று நினைக்கிறோம். உண்மையில் அது அதிகம் உட்கொள்வது காற்றைத்தான். ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிய, எடையில் அதைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். அப்படியானால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. மொட்டை மாடியில் நிற்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள் ஒன்பதில் அடைபடும் அளவு. வேறு விதமாகவும் கணக்கிடலாம். 35 சிசி கொள்ளளவுள்ள நான்கு ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர், நிமிடத்துக்கு 7,000 சுற்று ஓடும்போது இரண்டு சுற்றுக்கு ஒரு முறை காற்றை இழுக்கிறது. முழுதாக இழுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 லிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர்தான் சுவாசிக்கிறார். இவ்வளவு காற்றையும் அந்த இயந்திரம் எங்கிருந்து எடுக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். காருக்குத் தார்ச்சாலைக் காற்று கிடைக்கிறது. புல்வெட்டியோ தானே கிளப்பிய புழுதிக்கு நடுவில் நின்று மூச்சிழுக்கிறது.

அந்தப் புழுதி எந்தக் கல்லில் இருந்து வந்தது என்று கேட்டால்தான் தாம்பரத்தின் தனிக்கதை புரியும். பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலைப் பகுதியின் குன்றுகள் சார்னோக்கைட் என்னும் பாறையால் ஆனவை. கல்கத்தாவில் 1693-இல் இறந்த ஜாப் சார்னோக்கின் கல்லறையில் பதித்திருக்கும் கல்லும் இந்தப் பாறைதான் என்று கண்டு, 1893-இல் புவியியல் அறிஞர் தாமஸ் ஹாலந்து அந்தப் பெயரை வைத்தார். பரங்கிமலையில் இருக்கும் இப்பாறையைத் தேசியப் புவியியல் சின்னமாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை போற்றுகிறது. அந்தப் பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தக் கல்லில் குவார்ட்ஸ் என்ற படிகக்கல் கணிசமாக இருக்கிறது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் குவார்ட்ஸுக்கு 7. இஞ்சினின் வார்ப்பிரும்பும் அலுமினியமும் அதற்குக் கீழேதான். பல்லாவரம், பம்மல் பக்கம் தலைமுறை தலைமுறையாகக் கல் உடைத்து, அந்த ஜல்லியும் கிரஷர் பவுடரும்தான் நம் சுற்றுவட்டாரத்து வீடுகளாயின. ஆற்று மணல் அரிதான பிறகு கருங்கல்லை அரைத்து எடுக்கும் எம்-சாண்ட் வந்துவிட்டது. ஒரு வீடு கட்டி முடிந்தால் மிச்ச எம்-சாண்டும் சிமென்ட் தூளும் இடித்த காரையும் பக்கத்து மனையில் போய் விழுகின்றன. பள்ளமான மனைகளைக் கிராவலும் கட்டட இடிபாடும் கொட்டித்தான் மேடாக்குகிறார்கள். அதன் மேல்தான் புல் முளைக்கிறது. பிரஷ் கட்டரின் நைலான் நரம்பு தரையை உரசியதும் எழும்பும் வெள்ளைப் புகைமூட்டத்தில் மண்ணும் புல்லும் மட்டும் இருப்பதில்லை. அரைத்த கருங்கல்லும் இருக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தைப் போல மரமும் சருகும் மூடிய நிலத்தில் வெட்டும்போது பறப்பது பெரும்பாலும் மக்கிய இலைத்தூள். ஒரே ஊரில், ஒரே இயந்திரத்தில், ஒரே அரை மணி நேரத்தில் ஃபில்டர் சந்திக்கும் எதிரி இடத்துக்கு இடம் மாறுகிறது.

கண்ணுக்குத் தெரியும் பெரிய மணல் துகள் இஞ்சினுக்கு அவ்வளவு ஆபத்தில்லை. அதை எப்படிப்பட்ட ஃபில்டரும் பிடித்துவிடும். ஐந்து முதல் இருபது மைக்ரான் வரையிலான பொடிதான் ஆபத்து. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் இதன் சன்னம் புரியும். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலத்துக்குள் இந்தத் துகள் சரியாகப் புகுந்துகொள்கிறது. ஆயிலும் குவார்ட்ஸ் பொடியும் சேர்ந்தால் வால்வு தேய்க்கும் பசை மாதிரிதான். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக அராவும். இரண்டு ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரில் நிலைமை இன்னும் மோசம். அதில் காற்று முதலில் கிராங்க் கேஸுக்குள் போய், பிறகுதான் சிலிண்டருக்கு ஏறுகிறது. ஆகவே சிலிண்டருக்கு முன்பே கிராங்க் ஷாஃப்டின் பேரிங்குகள் அந்தப் பொடியைத் தின்கின்றன. நான்கு ஸ்ட்ரோக்கில் ஆயில் மாற்றும்போது கொஞ்சம் அழுக்காவது வெளியேறும். இரண்டு ஸ்ட்ரோக்கில் மாற்றுவதற்குத் தனியாக ஆயிலே இல்லை. இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. அமெரிக்காவில் டிராக்டர் விற்றுக்கொண்டிருந்த ஃபிராங்க் டொனால்ட்சன் 1915-இல் காற்றைச் சுத்தப்படுத்தும் சாதனத்தைச் செய்ததற்குக் காரணமே, வயல் புழுதியில் டிராக்டர் இஞ்சின் பழுதானதுதான்.

இனி கணக்குக்கு வருவோம். சிறிய இஞ்சின்களின் கையேடுகளில், ஸ்பாஞ்ச் ஃபில்டரை 25 மணி நேரத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்யச் சொல்வது வழக்கம். கூடவே ஒரு நட்சத்திரக் குறி போட்டு, புழுதியான இடங்களில் இன்னும் சீக்கிரம் என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கும். வீட்டுக்கு முன்னால் சின்னப் புல்தரை வைத்திருப்பவர் வாரம் அரை மணி நேரம் ஓட்டினால், 25 மணி நேரம் சேர ஓர் ஆண்டு ஆகிவிடும். கூலிக்கு வெட்டும் தொழிலாளி நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓட்டினால் ஐந்தே நாளில் அந்தக் கணக்கு முடிந்துவிடும். இருவருமே 'ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சர்வீஸ்' என்றுதான் பேசுகிறார்கள். முன்னவருக்கு அது தேவைக்கு மேல். பின்னவருக்கு அது இஞ்சினுக்குக் குழி வெட்டுவது. கீழே சின்ன எழுத்தில் இருக்கும் அந்தக் குறிப்புதான் நம் புறநகரின் காலி மனைகளுக்கு விதி. இடிபாடு கொட்டிய மனையில் ஒரு நாள் முழுக்க வெட்டினால், அன்று சாயங்காலமே மூடியைத் திறந்து பார்த்தாக வேண்டும்.

பார்க்கும்போது என்ன தெரியும்? ஸ்பாஞ்சின் வெளிப்பக்கம் சாம்பல் நிறத்தில் பொடி படிந்திருந்தால் அது தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். உள்பக்கம் பழுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சின் பின்னோக்கி உமிழ்ந்த ஆயில் அது, கழுவினால் போய்விடும். ஸ்பாஞ்சை எடுத்துவிட்டுக் கார்புரேட்டரின் வாயில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். விரலில் நறநறவென்று ஏதாவது தட்டினால் அதுதான் கெட்ட சேதி. ஸ்பாஞ்ச் கிழிந்திருக்கும், அல்லது விளிம்பு சரியாக உட்கார்ந்திருக்காது, புழுதி பக்கவாட்டில் நுழைந்துகொண்டிருக்கும். மூடியைக் கழற்றுமுன் மேலே இருக்கும் தூசியைத் தட்டிவிட்டு, சோக்கை மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாமே அழுக்கை உள்ளே தள்ளிவிடுவோம். ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் பிழிந்து பிழிந்து கழுவி, முறுக்காமல் துணியில் ஒற்றி, நிழலில் நன்றாகக் காயவைத்து, கையேடு சொல்லியிருந்தால் சில சொட்டு இஞ்சின் ஆயில் விட்டுக் கசக்கி, மிச்சத்தைப் பிழிந்துவிட வேண்டும். தூசி ஒட்டுவதற்கு அந்த ஆயில்தான் உதவுகிறது. பெட்ரோலில் கழுவும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தீப்பிடிக்கும் ஆபத்து ஒன்று, ஸ்பாஞ்ச் நைந்து பொடிப்பொடியாவது இன்னொன்று. லான் மோவரில் பெரும்பாலும் வரும் பேப்பர் ஃபில்டருக்கோ தண்ணீரும் ஆகாது, ஆயிலும் ஆகாது. மெல்லத் தட்டி, டார்ச் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, வெளிச்சம் பரவலாக வராவிட்டாலோ எங்காவது புள்ளியாகப் பளிச்சென்று தெரிந்தாலோ புதிது போட்டுவிட வேண்டியதுதான். டயர் கடையில் கொடுத்துக் காத்து அடிப்பது சுலபம் என்று தோன்றும். அந்த அழுத்தத்தில் பேப்பரில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுந்துவிடும்.

இதற்கு நேர்மையான மறுப்பு ஒன்று உண்டு. ஃபில்டரில் படியும் முதல் தூசிப் படலமே அடுத்து வரும் நுண்துகள்களைப் பிடிக்க உதவுகிறது, அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்தால் கெடுதல்தானே என்பது அது. அடிப்படை சரி, பேப்பர் ஃபில்டருக்கு ரொம்பவும் சரி. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் விளிம்பு நசுங்கவும் தூசி உள்ளே கொட்டவும் வாய்ப்பு இருக்கிறது. அதனால்தான் பார்ப்பதையும் கழுவுவதையும் பிரித்துச் சொல்கிறேன். புழுதி வேலை முடிந்த அன்றே பார்க்க வேண்டும். அழுக்கு ஏறியிருந்தால் மட்டும் கை வைக்க வேண்டும். நவம்பர் மாத ஈரத்தில் வெட்டும்போது புழுதியே எழாது. அப்போது ஸ்பாஞ்சில் ஒட்டுவது புல்துண்டும் ஈரமும்தான். உதறிக் காயவைத்தாலே போதும். தையில் தொடங்கி மழை திரும்பும் வரை வேறு கணக்கு. ஊரின் பருவத்தோடு சேர்த்து யோசித்தால் வீண் வேலையும் குறையும், இஞ்சினும் பிழைக்கும்.

'ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் நல்ல பிக்கப் வருது' என்பது அடுத்த வாதம். வருவது உண்மை. அடைபட்ட ஃபில்டர் காற்றைக் குறைத்துவிடுவதால் பெட்ரோல் விகிதம் ஏறி, கரும்புகை தள்ளி, ஸ்பார்க் பிளக் கரி பிடித்து, இஞ்சின் திணறும். அந்த நிலையில் ஃபில்டரை எடுத்தால் திணறல் நிற்கத்தான் செய்யும். அந்தச் சுகம் சிலிண்டரின் ஆயுளில் இருந்து எடுத்த கடன். இதைவிடத் தந்திரமான தவறு, ஃபில்டரைப் பார்க்காமல் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகிச் சரிக்கட்டுவது. சில நாள் ஓடும். பிறகு யாராவது புது ஃபில்டர் போட்டால் காற்று அதிகமாகி இஞ்சின் சூடேறும், மறுபடி ஸ்க்ரூவைத் திருக வேண்டியிருக்கும். புகை கண்டதும் முதலில் திறக்க வேண்டியது ஃபில்டர் மூடியை. ஸ்க்ரூ டிரைவர் கடைசியில் வரட்டும். செலவைப் பற்றிப் பேசுவோருக்கு ஒன்று: ஸ்பாஞ்சின் விலை ஒரு நாள் கூலியில் சிறு பகுதி. ரிங் தேய்ந்து, இழுத்தால் ஸ்டார்ட் ஆகாமல், பிஸ்டன் செட் மாற்றும் நாள் வந்தால் செலவோடு பல நாள் பிழைப்பும் போகும்.

பேட்டரி இயந்திரம் வந்துவிட்டதே, இந்தத் தொல்லையே வேண்டாமே என்பாரும் உண்டு. சிறிய புல்தரைக்கு அது நல்ல வழி. அதில் ஏர் ஃபில்டர் இல்லை, புகை இல்லை, சத்தமும் குறைவு. நாள் முழுக்க மனை மனையாகப் போய் வெட்டுபவருக்குப் பேட்டரி தாங்கும் நேரமும் அதன் விலையும் இன்னும் இடிக்கின்றன. அதோடு பேட்டரி இயந்திரமும் அதே புழுதியைத்தான் கிளப்புகிறது. அதை இயக்குபவரும் அந்தப் புழுதியைத்தான் சுவாசிக்கிறார்.

சொல்லப்போனால் ஃபில்டரில் படிந்த சாம்பல் நிறப் பொடி எனக்கு முக்கியமாகப்படுவது இந்த இடத்தில்தான். இஞ்சினாவது தனக்கென்று ஒரு ஸ்பாஞ்ச் வைத்திருக்கிறது. இயந்திரத்தைத் தோளில் சுமப்பவர் முகத்தில் ஒரு துண்டைச் சுற்றியிருக்கிறார். சிலிண்டரை அராவும் குவார்ட்ஸைவிட நுண்ணிய பொடி நுரையீரலின் அடிவரை போய்த் தங்கி சிலிக்கோசிஸ் நோயைத் தருகிறது. கல்குவாரித் தொழிலாளர்களின் உயிரை வாங்கிய நோய் அது. துண்டின் இழைகளுக்கு அந்தப் பொடி அடங்காது. நல்ல காற்றை நம்பித்தான் 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்கு இந்தத் தாம்பரத்தில் சானடோரியம் நிறுவினார். ரயில் நிலையத்தின் பெயரில் அது இன்றும் இருக்கிறது. அதே ஊரில் புல் வெட்ட வருபவரின் மூச்சைப் பற்றி வேலை கொடுக்கும் நாம் யோசிக்காமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. காலையில் மனையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் புழுதி பாதியாவது அடங்கும். குடியிருப்போர் சங்கங்கள் கூலி பேசும்போதே ஓர் என்-95 முகக்கவசத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம். மதியம் சாப்பாட்டு வேளைக்கு முன்னால் கால் மணி நேரம் இயந்திரத்தை நிறுத்தி மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லி, அந்தக் கால் மணி நேரத்துக்கும் கூலி உண்டு என்று முதலிலேயே பேசிவிடலாம். உலர்ந்த ஸ்பாஞ்ச் ஒன்றைக் கையிருப்பில் வைத்திருந்தால், அழுக்கானதைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, மாற்றை மாட்டி வேலையைத் தொடரலாம். அழுக்கானதைச் சாயங்காலம் வீட்டில் நிதானமாகக் கழுவிக்கொள்ளலாம்.