குடிக்காதவர்களுக்கும் ஈரலில் கொழுப்பு ஏன்?

ஸ்கேனில் "கல்லீரலில் கொழுப்பு" என்று வந்த சீட்டை வீட்டில் காட்டவே நம்ம அக்கா ஒருவர் கூச்சப்பட்டார். "குடிக்கிறவங்களுக்குத்தானே அது?" என்கிறார்.

எண்ணெயை நிறுத்தினால் போதும் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். 2005-இல் அமெரிக்காவின் மினசோட்டா ஆய்வாளர்கள், இந்நோய் உள்ள 9 பேரைப் பார்த்தார்கள். ஈரல் கொழுப்பில் சுமார் 59 சதவீதம் உடம்பிலிருந்த கொழுப்பிலிருந்து வந்தது. 26 சதவீதம், முக்கியமாக மாவுச்சத்து, சர்க்கரையிலிருந்து ஈரலே தயாரித்தது. சாப்பாட்டுக் கொழுப்பு 15 சதவீதம்தான்!

உடம்புக் கொழுப்பு நம்ம சேமிப்புப் பெட்டி மாதிரி. சாப்பிட்டதும் இன்சுலின் அதைப் பூட்டும். பசி நேரத்தில் பூட்டு திறக்கும். உடம்பு பெருத்தால் பலருக்குப் பூட்டு சரியாகப் பிடிக்காது. கசிந்து ஈரலில் சேரும்.

70 கிலோ உள்ளவர் நாலு கிலோ குறைத்தாலே ஈரல் கொழுப்பு இறங்கும். அக்கா, அந்தச் சீட்டை வீட்டில் காட்டுங்க.