உறைபனி நாட்டில் வாழ்வும் வண்டியும்

பாதரசம் ஓர் உலோகம். ஆயினும் அது கட்டியாக இறுகி நிற்க நம்மில் எவரும் கண்டதில்லை. வெப்பமானியின் குழாய்க்குள் அது ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்திருக்கிறோமே ஒழிய, உறைந்து கிடக்கப் பார்த்ததில்லை. அது உறைய வேண்டுமானால் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 39 டிகிரி சென்டிகிரேடு வரை இறங்க வேண்டும். மனிதர் குடியிருக்கும் இடத்தில் அத்தகைய குளிர் இருக்கக் கூடுமா என்று நீங்கள் ஐயுறலாம். இருக்கிறது. பாதரசம் உறையும் குளிரில் காலையில் எழுந்து, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மோட்டார் வண்டியை ஓட்டிக்கொண்டு வேலைக்குச் செல்லும் மக்கள் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய அன்றாட வாழ்வைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

சைபீரியாவின் வடகிழக்கே லீனா என்னும் பேராறு பாய்கிறது. அதன் கரையில் அமைந்த நகரம் யாக்கூட்ஸ்க். 1632ஆம் ஆண்டில் காசாக்கியர் கட்டிய மரக்கோட்டை ஒன்றிலிருந்து வளர்ந்த ஊர் அது. இன்று அங்கே மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். பல்கலைக்கழகம் உண்டு, நாடக அரங்கு உண்டு, பல மாடிக் கட்டடங்கள் உண்டு. சனவரி மாதத்தில் அந்நகரின் சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியை ஒட்டி நிற்கும். சில நாட்களில் 50 டிகிரிக்கும் கீழே போகும். அதே குடியரசில் உள்ள வெர்கோயான்ஸ்க் என்னும் சிற்றூரில் 1892ஆம் ஆண்டிலும், ஒய்மியாக்கோன் என்னும் ஊரில் 1933ஆம் ஆண்டிலும் பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 68 டிகிரி பதிவாயிற்று. கணக்கில் விருப்பமுள்ள மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். சென்டிகிரேடு, பாரன்ஹீட் என்னும் இரண்டு அளவைகளும் ஒன்றுகூடும் இடம் ஒன்றே ஒன்றுதான். அது பூஜ்யத்துக்குக் கீழ் 40 டிகிரி. அந்தக் குளிரை எந்த அளவையில் சொன்னாலும் எண் மாறாது.

இவ்வளவு குளிர் எதனால் வருகிறது? கடல் வெகு தொலைவில் இருப்பதே முதற் காரணம். கடல் நீர் கோடையின் வெப்பத்தைச் சேமித்து வைத்துக் குளிர்காலத்தில் சிறிது சிறிதாக வெளியிடும் இயல்புடையது. அந்த உதவி இந்நிலத்துக்குக் கிட்டுவதில்லை. மார்கழித் திங்களில் அங்கே பகற்பொழுது ஐந்தாறு மணி நேரமே நிற்கும். நீண்ட இரவில் மேகமற்ற வானத்தை நோக்கி நிலம் தன் வெப்பத்தையெல்லாம் இழந்துவிடுகிறது. கனத்த குளிர்காற்று பள்ளத்தாக்குகளில் இறங்கி அசையாமல் தங்கிவிடுகிறது. கோடையிலோ இதே ஊரில் வெப்பம் 30 டிகிரியையும் தாண்டுவதுண்டு. ஆண்டொன்றில் இத்தனை ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் நகரங்கள் உலகில் மிகச் சில.

அந்நாட்டின் நிலம் எத்தகையது என்பதை அறிய ஒரு கிணற்றின் கதையைச் சொல்ல வேண்டும். ஷெர்கின் என்னும் வணிகர் 1828ஆம் ஆண்டில் யாக்கூட்ஸ்க் நகரில் தண்ணீருக்காகக் கிணறு வெட்டத் தொடங்கினார். மண் உறைந்து கல்லாக இருந்தது. இன்னும் கொஞ்சம் வெட்டினால் ஈர மண் வரும் என்று எண்ணிப் பல ஆண்டுகள் வெட்டினார். 116 மீட்டர் ஆழம் சென்ற பிறகும் உறைந்த மண்ணே வந்தது. கிணற்றில் ஒரு துளி நீரும் ஊறவில்லை. ஆனால் அறிவியலுக்கு அது பெரும் பயன் தந்தது. பூமி அங்கே ஆண்டு முழுவதும் ஆழம்வரை உறைந்தே இருக்கிறது என்பதை உலகம் அந்தக் கிணற்றினால் உறுதியாக அறிந்துகொண்டது.

இந்த நிலத்தின்மேல் வீடு கட்டுவது எளிதன்று. வீட்டின் வெப்பம் தரையில் இறங்கினால் உறைந்த மண் இளகிச் சேறாகும், சுவர் சாயும். ஆகவே கான்கிரீட்டுக் கால்களை ஆழமாக ஊன்றி, அவற்றின்மேல் கட்டடத்தை எழுப்புகிறார்கள். கட்டடத்துக்கும் நிலத்துக்கும் இடையே குளிர்காற்று தாராளமாக வீசிச் செல்லும். மண்ணைக் கெட்டியாக வைத்திருப்பது அந்தக் காற்றே. எந்தக் குளிருக்கு அஞ்சிக் கதவை அடைக்கிறார்களோ, அதே குளிர்தான் அவர்களுடைய வீட்டுக்கு அடித்தளமும் ஆகிறது. இன்று உலகம் வெப்பமுற்று வருவதால் அந்த உறைமண் பல இடங்களில் இளகத் தொடங்கியிருக்கிறது; கட்டடங்களில் வெடிப்புக் காண்கிறது. நமக்கு வியப்பாகத் தோன்றினாலும், குளிர் குறைவது அம்மக்களுக்குக் கவலை தரும் செய்தியே.

இனி, வீட்டைவிட்டு வெளியே வருவோம். மூச்சு விட்டால் அதிலுள்ள நீராவி அக்கணமே நுண்ணிய பனித்துகளாகிறது. கடுங்குளிரில் அத்துகள்கள் உரசும் மெல்லிய ஓசை காதில் விழும். அதனை 'விண்மீன்களின் இரகசியப் பேச்சு' என்று அந்நாட்டார் அழகாகச் சொல்வர். இமை மயிர்களில் வெண்பனி படியும். உலோகச் சட்டமிட்ட மூக்குக்கண்ணாடி கன்னத்தைச் சுடும். வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். ஊரெங்கும் மூச்சும், புகைபோக்கிகளின் ஆவியும், வண்டிகளின் புகையும் சேர்ந்து அடர்ந்த பனிமூட்டமாகி நிற்கும். எதிரே வரும் வண்டி சில அடி தூரத்தில்தான் கண்ணுக்குப் புலப்படும்.

உடை அங்கே அலங்காரத்துக்காக அன்று, உயிர்காக்கும் கருவி. ஒரே தடித்த உடையைக்காட்டிலும் அடுக்கடுக்காக அணிந்த பல உடைகளே சிறந்தவை. அடுக்குகளுக்கு இடையே சிறைப்பட்ட காற்று உடலின் சூட்டை வெளியே விடாது. தலைக்கு மென்மயிர்க் குல்லாய். காலுக்குக் கலைமான் தோலால் ஆன உயர்ந்த காலணி. வேகமாக நடந்து வியர்ப்பதும் கூடாது. ஈரமான உடை வெகுவிரைவில் உடலைக் குளிர்வித்துவிடும். மது அருந்தினால் சூடு பிறக்கும் என்னும் நம்பிக்கை பெருந்தவறு. மது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது; சூடு ஏறியதுபோல் தோன்றும்; உண்மையில் உள்ளேயிருக்கும் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். உறைந்த விரலைப் பனியால் தேய்ப்பதும் இத்தகைய தவறே. பள்ளிகளுக்கும் ஒரு விதி உண்டு. குளிர் 45 டிகிரியை எட்டினால் சிறு வகுப்புகளுக்கு விடுமுறை. மேல்வகுப்பு மாணவர்களோ 50 டிகிரி வரையிலும் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

உணவைக் கெடாமல் வைக்க அங்கே குளிர்காலத்தில் இயந்திரம் தேவையில்லை. சந்தையில் மீன்கள் விறகுக் கட்டைகள்போல நிமிர்ந்து நிற்கும். பால் வட்டமான கட்டியாக விற்கப்படும். சிற்றூர்களில் ஆற்றிலும் ஏரியிலும் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்து வந்து வீட்டருகே அடுக்குவர். வேண்டும்போது ஒரு பாளத்தை உள்ளே கொணர்ந்து உருக்கினால் அதுவே குடிநீர்.

இத்தகைய குளிரில் மோட்டார் வண்டி எப்படி ஓடுகிறது? வண்டிக்குக் குளிர் பல பக்கங்களிலிருந்தும் பகையாகிறது. எஞ்சினுக்குள் இருக்கும் எண்ணெய் இறுகித் தேன்பாகுபோல ஆகிவிடும். அதைத் தள்ளிக்கொண்டு எஞ்சினைச் சுழற்ற மிகுந்த வலிமை வேண்டும். ஆனால் அந்த வலிமையைத் தர வேண்டிய பாட்டரியோ, உள்ளே வேதியியல் மாற்றம் மந்தமடைவதால், சோர்ந்துபோகும். செலவு ஏறும்போது வருவாய் குறைந்த குடும்பத்தின் நிலைதான் அது. பெட்ரோல் உறைவதில்லை, ஆனால் எளிதில் ஆவியாகாது, ஆவியாகாத பெட்ரோலில் பொறி பற்றாது. டீசலிலோ மெழுகு திரிந்து குழாய்களை அடைக்கும். அதற்காகக் குளிர்நாட்டு டீசலைத் தனியே வடிக்கிறார்கள்.

எஞ்சினைச் சுற்றிவரும் நீரைப் பற்றி ஒரு வேடிக்கையான உண்மையைச் சொல்கிறேன். வெறும் நீர் பூஜ்யத்தில் உறைந்து, விரிந்து, எஞ்சினையே பிளந்துவிடும். அதனால் எத்திலீன் கிளைக்கால் என்னும் திரவத்தைக் கலக்கிறார்கள். அந்தத் திரவம் தனித்து நின்றால் பூஜ்யத்துக்குக் கீழே 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். ஆனால் பத்தில் ஆறு பங்கு கிளைக்காலும் நாலு பங்கு நீரும் கலந்தால், ஏறக்குறைய 50 டிகிரி வரையிலும் உறையாமல் தாங்கும். தனித்தனியே தோற்கும் இரண்டு பொருள்கள் கூடினால் குளிரை எதிர்த்து நிற்கின்றன.

யாக்கூட்ஸ்க் நகரத்தார் பல உபாயங்களைக் கண்டிருக்கிறார்கள். வசதியுள்ளவர் வண்டியைச் சூடேற்றிய கொட்டகையில் நிறுத்துவர். மற்றவர் எஞ்சினின்மேல் கம்பளியோ தடித்த மெத்தையோ போர்த்துவர். சிலர் இரவில் பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துச் செல்வர். குறித்த நேரத்துக்கு ஒருமுறை தானே எஞ்சினை இயக்கிச் சூடேற்றி நிறுத்தும் கருவியும் உண்டு. கடைக்குள் சென்று வரும் நேரத்திலும் எஞ்சினை அணைக்காமல் விடுவோர் பலர். ஜன்னல் கண்ணாடிகளின்மேல் இன்னொரு கண்ணாடியை ஒட்டி இரட்டையாக்குவர். இல்லையேல் பயணிகளின் மூச்சே உட்புறத்தில் பனியாகப் படிந்து பார்வையை மறைக்கும். இரவெல்லாம் நின்ற வண்டியின் சக்கரங்கள் தரையைத் தொட்ட இடத்தில் தட்டையாகவே உறைந்திருக்கும். புறப்பட்டவுடன் வண்டி சதுரச் சக்கரத்தில் ஓடுவதுபோலக் குலுங்கும். ரப்பர் இளகும் வரையில் மெல்லத்தான் செலுத்த வேண்டும்.

ஆறே அங்குச் சாலையாவதும் உண்டு. லீனா ஆறு ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட கனத்தில் உறைந்தபின், பாரவண்டிகளும் அதன்மேல் ஓடும். அங்கே வேகம் அளவோடு இருக்க வேண்டும். விரைந்து செல்லும் வண்டியின் பாரத்தால் பனிக்கட்டியின் கீழுள்ள நீரில் அலை எழுந்து, மேலே உள்ள தளத்தையே உடைக்கக் கூடும். பனித்தரை எப்போதும் ஒரேபோல் வழுக்கும் என்றும் எண்ண வேண்டாம். பூஜ்யத்தை ஒட்டிய பனியே மிகவும் வழுக்கும். 40 டிகிரிக் குளிரில் அது கரடுமுரடான தரைபோலப் பிடிப்புத் தரும். எனவே விபத்துக்கு அஞ்ச வேண்டிய காலம் நடுக்குளிர்காலத்தைவிட அதன் தொடக்கமும் முடிவுமே.

இத்தனை உபாயங்கள் இருந்தும் குளிர் மன்னிக்காத ஒன்று உண்டு. அது கவனக்குறைவு. யாக்கூட்ஸ்க் பக்கத்திலிருந்து மகதான் துறைமுகம் வரையில் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் நீளும் கோலிமா நெடுஞ்சாலை, ஸ்டாலின் காலத்தில் கைதிகளின் உழைப்பால் போடப்பட்டது. அப்பணியில் மாண்டவர் எண்ணிறந்தோர். அதனால் அதற்கு 'எலும்புச் சாலை' என்றே பெயர். 2020ஆம் ஆண்டின் குளிர்காலத் தொடக்கத்தில் 18 வயதே நிரம்பிய இரண்டு இளைஞர்கள் மகதானை நோக்கி வண்டியில் புறப்பட்டார்கள். வழிகாட்டும் வரைபடம் பழைய பாதையைக் குறுக்குவழியாகக் காட்டியதாகச் செய்திகள் கூறின. அந்தப் பாதை கைவிடப்பட்டு நெடுநாளாயிற்று. ஆள் நடமாட்டம் இல்லாதது. நடுவழியில் வண்டியின் ரேடியேட்டர் பழுதுற்றது, எஞ்சின் நின்றது. வெளியே 50 டிகிரியை ஒட்டிய குளிர். சில நாட்கள் கழித்துத் தேடிச் சென்றவர்கள் ஒருவரைப் பிணமாகவும், மற்றவரைக் கைகால் உறைந்த நிலையில் உயிருடனும் கண்டார்கள்.

மாணவ நண்பர்களே, இறந்தவர் உங்களுடைய வயதினர். வரைபடம் பாதையின் நீளத்தைச் சொல்லும். அப்பாதையில் வேறு எவராவது வருவாரா என்பதைச் சொல்லாது. அதனை அறிய, அந்த ஊரில் வாழ்கிறவர் ஒருவரைக் கேட்டிருக்க வேண்டும். நெடுந்தூரம் செல்வோர் உணவும், கம்பளியும், அடுப்பும், மண்வாரியும் எடுத்துச் செல்வதும், எங்கே போகிறோம், எப்போது சேர்வோம் என்று பிறரிடம் சொல்லிச் செல்வதும் அங்கே பழக்கம். பனியில் சிக்கிய வண்டிக்குள் அமர்ந்திருப்பவர் புகைக்குழாயைப் பனி மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் குளிருக்குத் தப்பியவரை நச்சுப்புகை கொன்றுவிடும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, அந்தச் சாலைகளில் எழுதப்படாத ஒரு சட்டம் உண்டு. வழியில் நின்றுகொண்டிருக்கும் வண்டியைக் கண்டால் எவரும் நிறுத்தாமல் போவதில்லை. எவ்வளவு அவசரமானாலும் இறங்கி, "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்டுவிட்டே செல்வர். நின்றவன் அறிந்தவனா, அறியாதவனா என்னும் கேள்வி அங்கே எழுவதில்லை. இன்று அவன் நிற்கிறான். நாளை நான் நிற்கக் கூடும் என்பதை ஒவ்வொருவரும் அறிவர்.

இரட்டைக் கண்ணாடியும், உறையாத திரவமும், தானே இயங்கும் கருவியும் அறிவின் கொடைகள். அவை இல்லாமல் அந்நாட்டில் வண்டி ஓடாது. ஆயினும் நடுவழியில் எஞ்சின் நின்றுவிட்ட இரவில், பின்னே வருகிறவன் வண்டியை நிறுத்துவான் என்னும் நம்பிக்கைதான் ஒருவனை விடியும்வரை உயிரோடு வைத்திருக்கிறது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றிவருவதனால்தான், பாதரசமும் உறையும் அந்த நிலத்தில் மனித வாழ்வு உறையாமல் நடந்துகொண்டிருக்கிறது.