முதல்ல கேஜ், அப்புறம் கூலர்

மேஜை மேல ரெண்டு பொருள் வச்சிருக்கேன், பாருங்க. இந்தப் பக்கம் பளபளன்னு அலுமினியத்துல ஒரு ஆயில் கூலர், பார்க்கக் குட்டி ரேடியேட்டர் மாதிரி. அந்தப் பக்கம் ஒரு ஆயில் டெம்பரேச்சர் கேஜ், கூடவே சுண்டுவிரல் தண்டி ஒரு சென்சார். "அண்ணே, இருங்காட்டுக்கோட்டையில டிராக் டே போறேன், வண்டிக்கு ஆயில் கூலர் போடணும், எத்தனை ரோ வாங்கட்டும்?"னு கேட்டு ஃபோன் வந்துக்கிட்டே இருக்கு. நான் பதிலுக்கு ஒண்ணுதான் கேப்பேன். தம்பி, உங்க ஆயில் எத்தனை டிகிரிக்குப் போகுது? முக்கால்வாசிப் பேர் அங்கேயே அமைதியாயிடுவாங்க. சில பேர், "முள்ளு நடுவுலதானே நிக்குது"ம்பாங்க. அந்த முள்ளு தண்ணியோட முள்ளு. அதுவும் நம்மளப் பயமுறுத்தக் கூடாதுன்னு கம்பெனிக்காரனே அடக்கி வச்ச முள்ளு. கூலன்ட் 80-ல இருந்து 105 வரைக்கும் போனாலும் பல வண்டில அது அசையாம நடுவுலயே நிக்கும். ஆயில் உள்ள என்ன பாடு படுதுன்னு அதுக்குத் தெரியவே தெரியாது.

அதனால முதல்ல வாங்க வேண்டியது இந்தச் சின்னப் பொருள். கூலர் அப்புறம்தான்.

டிராக்ல என்ன நடக்குதுன்னு சொல்றேன். நம்ம இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. ரோட்ல ஓடுற சாதாரண ஹேட்ச்பேக் ஒரு ரவுண்டு வர ரெண்டு நிமிஷம் சொச்சம் ஆகும். அந்த ரெண்டு நிமிஷமும் எஞ்சின் 4000-க்குக் கீழ இறங்கினா நீங்க தப்பான கியர்ல இருக்கீங்கன்னு அர்த்தம். அதே வண்டி பெங்களூர் ஹைவேல 100-ல போறப்போ 2500 பக்கம் சும்மா சுத்திக்கிட்டு வந்திருக்கும். வேகம் கூடக் கூட பேரிங்குக்குள்ள ஆயில் அரைபடுறதும் கூடுது. அது போதாதுன்னு பிஸ்டனோட அடிப்பக்கச் சூட்டை வாங்குறதும் ஆயில்தான். டர்போ வண்டின்னா டர்போ ஷாஃப்டோட சூடும் சேர்ந்துக்கும். தண்ணிக்கு ரேடியேட்டர் இருக்கு, ஃபேன் இருக்கு. ஆயிலுக்கு என்ன இருக்கு? சம்ப் மேல படுற காத்து. கொஞ்சம் புது வண்டில ஃபில்டர் பக்கத்துல தண்ணியால ஆயிலைக் குளிர வைக்கிற ஒரு சின்ன டப்பா இருக்கும். அவ்வளவுதான்.

சூடானா என்ன ஆகும்? 40 கிரேடு ஆயில எடுத்துக்குங்க. 100 டிகிரியில இருக்கிற கெட்டி 130-ல கிட்டத்தட்ட பாதியாயிடும். விளக்கெண்ணெய் ஊத்தின இடத்துல தேங்காய் எண்ணெய் ஊத்தின கணக்கு. விளக்கெண்ணெய்னதும் சிரிக்காதீங்க, அந்தக் காலத்து ரேஸ் எஞ்சின்ல நிஜமாவே ஆமணக்கு எண்ணெய்தான் ஊத்தினாங்க. காஸ்ட்ரால்ங்கிற பேரே ஆமணக்கோட இங்கிலீஷ் பேர்ல இருந்து வந்ததுதான். சரி, விஷயத்துக்கு வரேன். கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவுல இருக்கிற ஆயில் படலம் முடியைவிட மெல்லிசு. அந்தப் படலம் கிழிஞ்சா உலோகமும் உலோகமும் உரசும். அதுக்கப்புறம் நம்ம பேச்சு ஆயில் கூலரப் பத்தி இருக்காது, எஞ்சின் இறக்குறதப் பத்தி இருக்கும்.

நான் வச்சிருக்கிற கணக்கு இது. நல்ல சிந்தெடிக் ஆயில் ஊத்தியிருந்தா 90-ல இருந்து 115 வரைக்கும் நிம்மதி. 120 தாண்டினா கண்ணு கேஜ் மேலயே இருக்கணும். 130 தொட்டா கால எடுத்துட்டு ஒரு ரவுண்டு மெதுவா வந்து பிட்டுக்குள்ள நுழைங்க. உங்க கேஜ் காட்டுற நம்பர பிப்ரவரி காலையில எடுத்துட்டு மே மாச மத்தியானத்துக்கு அதையே நம்பிப் போகாதீங்க. வெளிய பத்து டிகிரி ஏறினா ஆயில்லயும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். இன்னொண்ணு, சில வண்டில ஓபிடி போர்ட்ல ஸ்கேனர் சொருகினாலே ஆயில் டெம்பரேச்சர் காட்டும். பரவாயில்ல, இலவசமா கிடைக்குது. ஆனா எல்லாத்துலயும் அது நிஜ சென்சார் இல்ல, கம்ப்யூட்டர் மனக்கணக்கா போட்டுக் காட்டுற நம்பராவும் இருக்கும். டிராக்ல அது சறுக்கும்.

அளந்து பார்த்தா நாலு ரவுண்டு, அஞ்சு ரவுண்டு போயும் 115-ல நிக்குதுன்னு வச்சுக்குங்க. கூலர் வேணாம். காச டயர்லயும் பிரேக் ஃப்ளூயிட்லயும் போடுங்க. 125 பக்கம் போகுதா? அப்பவும் நேரா கடைக்கு ஓடாதீங்க. உங்க மேனுவல் அனுமதிச்சா 5டபிள்யூ-30-ல இருந்து 5டபிள்யூ-40-க்கு மாறுங்க. டிப்ஸ்டிக்ல மேல் கோடு வரைக்கும் ஊத்துங்க, அதத் தாண்ட வேணாம். இருபது நிமிஷ செஷன பன்னெண்டு நிமிஷமாக்குங்க. இத்தனையும் பண்ணியும் முள்ளு ஏறிக்கிட்டே போனா, சரி, இப்போ கூலரக் கையில எடுப்போம்.

இதுல நாலு பங்கு: எஞ்சின் பிளாக்குக்கும் ஃபில்டருக்கும் நடுவுல உக்கார்ற சாண்ட்விச் பிளேட், ரெண்டு ஓஸ், கூலர், அப்புறம் அதுக்குக் காத்துக் கொண்டுவர வழி. எல்லாரும் கூலர் எந்த பிராண்டுன்னு மண்டைய உடைச்சுக்கிறாங்க. என்னக் கேட்டா அதுதான் கவலையே படவேண்டாத பங்கு. 1.2, 1.6 லிட்டர் வண்டிக்கு 235 மில்லிமீட்டர் அகலத்துல 13 ரோ, மிஞ்சிப்போனா 16 ரோ போதும். பெருசாப் போட்டா வீட்டுக்கும் ஆபீஸுக்கும் ஓட்டுறப்போ ஆயில் சூடாகவே ஆகாது. ஒண்ணே ஒண்ணு சொல்லிடுறேன். புதுப்பேட்டையில மலிவா கிடைக்குதுன்னு பழைய கூலர வாங்கிட்டு வராதீங்க. அது எந்த எஞ்சின்ல இருந்து கழட்டினது, அந்த எஞ்சின் எப்படிச் செத்துச்சுன்னு விக்கிறவருக்கே தெரியாது. பேரிங் பொடி அந்தச் சின்னச் சின்ன வழிக்குள்ள போய் ஒட்டிக்கிச்சுன்னா, எவ்வளவு கழுவினாலும் முழுசா வராது. நாளைக்கு உங்க எஞ்சினுக்குள்ளதான் இறங்கும்.

சாண்ட்விச் பிளேட் வாங்கறப்போ தெர்மோஸ்டாட் உள்ளது வாங்குங்க. இதுல பேரம் பேசவே கூடாது. ஆயில் 80, 85 டிகிரி வர்ற வரைக்கும் அது கூலர் பக்கம் வழிய அடைச்சு வைக்கும். முழுசா அடைக்காது, கொஞ்சம் ஆயில ஓட விடும். அதனால கூலர்ல இருக்கிற ஆயில் பச்சைத் தண்ணியாக் கிடந்து திடீர்னு எஞ்சினுக்குள்ள பாயாது. "சென்னை வெயிலுக்கு எதுக்குண்ணே தெர்மோஸ்டாட்?"னு கேப்பீங்க. எஞ்சின்ல எரியறப்போ வர்ற தண்ணி ஆவியும், எரியாத பெட்ரோலும் ஆயில்ல கலக்கும். ஆயில் நல்லா சூடானாத்தான் அது வெளிய போகும். தினமும் அஞ்சு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துற வண்டில தெர்மோஸ்டாட் இல்லாத கூலரப் போட்டா, ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து பாருங்க, அடியில கெட்டி மோர் மாதிரி வெளுப்பா ஒட்டியிருக்கும்.

பிளேட்ல மரை சரியா இருக்கணும். ஹோண்டால பார்த்தா எம்20-1.5, வேற சில வண்டில முக்கால் இஞ்சு 16 மரை. ரெண்டும் கண்ணுக்கு ஒண்ணு மாதிரியே தெரியும். முதல் ரெண்டு சுத்து ஏறும், மூணாவதுல மாட்டும். மாட்டினப்புறம் ஸ்பானர் போட்டு முறுக்கினா எஞ்சின்ல மரை போச்சு, நம்மளுக்கும் மரை கழண்டுடும். பழைய ஃபில்டரக் கழட்டினதும் அதோட ரப்பர் வாஷர் பிளாக்கிலயே ஒட்டிக்கிட்டு இருக்கான்னு விரல வச்சுத் தடவிப் பாருங்க. அதுக்கு மேல இன்னொரு வாஷர் உக்காந்தா ஸ்டார்ட் பண்ண கொஞ்ச நேரத்துலயே பீச்சி அடிச்சுடும். பிளேட் போட்டதும் ஃபில்டர் ரெண்டு விரல் கட்டை கீழ இறங்கும். சைலன்சர் பைப்ல, ஆக்ஸில்ல இடிக்குதான்னு பாருங்க. டப்பா ஃபில்டர் இல்லாம பிளாஸ்டிக் மூடிக்குள்ள பேப்பர் ஃபில்டர் போடுற வண்டியா இருந்தா இந்த பிளேட்டே ஏறாது, அதுக்குன்னு தனி அடாப்டர் தேடணும்.

இப்போ ஓஸ். இங்க கொஞ்சம் நிப்பேன், ஏன்னா இங்கதான் நான் அசிங்கப்பட்டிருக்கேன். ரொம்ப வருஷம் முன்னாடி, ஒரு நண்பர் வண்டிக்கு அவசரத்துல நல்ல ஃபிட்டிங் கிடைக்கல. கடையில "ஆயில் ஓஸ்தான், தாங்கும்"னு ஒண்ணக் குடுத்தாங்க. ரேடியேட்டருக்குப் போடுற ஸ்க்ரூ கிளிப்பால இறுக்கிட்டேன். மூணாவது ரவுண்டுல கழண்டுச்சு. வண்டிக்கு அடியில போன ஆயில் அவர் டயர்லயே பட்டு அவர் வெளிய போனார், பின்னாடி வந்த ரெண்டு பேரும் அதே இடத்துல மண்ணுக்குள்ள போனாங்க. யாருக்கும் அடி இல்ல. ஆனா மார்ஷல் அந்த மஞ்சளும் சிவப்பும் கோடு போட்ட கொடிய ஆட்டினதும், மொத்த பேடாக்கும் வேலைய விட்டுட்டு டிராக் மேல பொடி தூவினதப் பார்த்துக்கிட்டு நின்னதும் இன்னும் கண்ணுல நிக்குது. கணக்குப் போட்டா எவ்வளவு மடத்தனம்னு தெரியும். ரேடியேட்டர்ல இருக்கிற அழுத்தம் 1 பார் பக்கம். காலையில குளிர்ந்த எஞ்சின ஸ்டார்ட் பண்றப்போ ஆயில் அழுத்தம் 5, 6 பார் வரைக்கும் போகும்.

அதனால ஏஎன்-10 சைஸ் ஓஸும், அதுக்குன்னே செஞ்ச ஃபிட்டிங்கும் வாங்குங்க. உள்துவாரம் ஏறக்குறைய 14 மில்லிமீட்டர். அதவிடச் சின்னதாப் போட்டா ஆயில் ஓட்டத்தை நெரிக்கும். இந்த ஃபிட்டிங் கூம்பும் கூம்பும் உக்காந்து அடைக்கிற ரகம். பிளம்பர் சுத்துற வெள்ளை டேப்ப இதுல சுத்தாதீங்க. அதோட ஒரு இழை பிய்ஞ்சு உள்ள போனா, போய்ச் சேர்ற இடம் ஆயில் ஓட்டை. இறுக்கறப்போ ரெண்டு ஸ்பானர், ஒண்ணு நட்டுல, ஒண்ணு கூலர் கழுத்துல. ஒரே ஸ்பானரால முறுக்கினா அலுமினியக் கழுத்து சேர்ந்து திரும்பி வெல்டிங்ல விரிசல் விடும். கம்பி பின்னின ஓஸ் அழகுதான், ஆனா அது ஒரு ரம்பம். எஞ்சின் ஆடுறப்போ எதுல உரசுதோ அத அறுத்துக்கிட்டே இருக்கும், அது ஏசி பைப்பா இருந்தாலும் வயரா இருந்தாலும். உரசுற இடத்துலயெல்லாம் ரப்பர் வச்ச கிளிப் போடுங்க. எஞ்சின் அசையறதுக்கு ஓஸ்ல கொஞ்சம் தளர்வும் விடுங்க.

கூலர எங்க மாட்டறது? பம்பருக்குப் பின்னாடி, ஃபாக் லேம்ப் ஓட்டைக்கு நேரா ஒரு ஓரமா இடம் கிடைச்சா அதுதான் நல்லது. ஏசி கண்டென்சருக்கு முன்னாடி ஒட்டி வச்சா ஆயில்ல இருந்து எடுத்த சூட்டை ரேடியேட்டருக்கே திருப்பிக் குடுத்த மாதிரி ஆயிடும். ஓஸ் மாட்டுற வாய் மேல பார்க்கட்டும், இல்லன்னா பக்கவாட்டுல. வாய் கீழ இருந்தா மேல காத்து சிக்கிக்கும். நாலு முனைக்கும் ரப்பர் புஷ் வைங்க. அப்புறம் காத்து. காத்து நம்மள மாதிரிதான், சுலபமான வழி இருந்தா கஷ்டமான வழில போகாது. கூலரச் சுத்தி ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் அதுவழியா நழுவிடும். தகடு வெட்டி, ஓரத்துல ஃபோம் ஒட்டி, உள்ள வர்ற காத்து கூலர் வழியாத்தான் போயாகணும்னு பண்ணுங்க. வெளிய போகவும் வழி வேணும், சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்கிற பிளாஸ்டிக்ல கொஞ்சம் வெட்டி விட்டாப் போதும். டக்ட் போட்ட 13 ரோ, சும்மா தொங்குற 19 ரோவைவிட நல்லா வேலை செஞ்சத நான் கேஜ்லயே பார்த்திருக்கேன்.

மாட்டியாச்சா, உடனே சாவியத் திருப்பிடாதீங்க. ஓஸும் கூலரும் காலியா இருக்கு. கூலருக்குள்ள முடிஞ்ச அளவு ஆயில ஊத்தி வச்சு மாட்டுங்க. ஃபியூல் பம்ப் ஃபியூஸ உருவிட்டு, பத்து பத்து செகண்டா கிராங்க் பண்ணுங்க, ஆயில் லைட் அணையற வரைக்கும். அப்புறம் ஃபியூஸப் போட்டு ஸ்டார்ட் பண்ணி, ஐட்லிங்ல விட்டு, டார்ச் அடிச்சு ஒவ்வொரு மூட்டாப் பாருங்க. தெர்மோஸ்டாட் திறந்தா கூலருக்குப் போற ஓஸ் கையில சுடும். நிறுத்தி அஞ்சு நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக் பாருங்க. அரை லிட்டர்ல இருந்து ஒரு லிட்டர் வரைக்கும் கூடுதலா குடிச்சிருக்கும்.

ஒரு விஷயத்துல கூலர் உதவாது. நீளமான வேகமான வளைவுல ஆயில் சம்ப்ல ஒரு பக்கமா ஒதுங்கி, பம்ப் வெறும் காத்த உறிஞ்சும். அது சூட்டுப் பிரச்சினை இல்ல, அதுக்கு சம்ப்புக்குள்ள தடுப்பு போடணும். வளைவுல ஆயில் லைட் ஒரு தடவை மின்னினா, டெம்பரேச்சர் 100-லயே இருந்தாலும் அன்னிக்கு ஓட்டுறத நிறுத்திடுங்க.

டிராக்குக்குப் போற முன்னாடி நாள் ஒவ்வொரு நட்டு மேலயும் பெயின்ட் மார்க்கரால நட்டுக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒரு கோடு இழுங்க. மூட்டச் சுத்தி டிஷ்யூ பேப்பரக் கட்டி அக்கம்பக்கத்துல ஒரு இருபது கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து பேப்பரப் பாருங்க, பார்த்ததும் மறக்காம எடுத்துடுங்க. டிராக்ல மொதல் செஷன் மூணே ரவுண்டு. கடைசி ரவுண்டு மெதுவா வந்து, பிட்டுல ஒரு நிமிஷம் ஐட்லிங்ல விட்டு, அப்புறம் பானட்டத் திறங்க. கோடு விலகல, மூட்டு காய்ஞ்சு கிடக்கு, கேஜ் 110-ல நின்னுதுன்னா ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு ரெண்டாவது செஷன் லைன்ல போய் நில்லுங்க.