மனநோயாளர் உதவிநிதியும் மலையேறாத செய்தியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியத்தின் சுவையை எடுத்துரைக்க வல்ல அறிஞர் பலர் வீற்றிருக்கும் இம்மேடையில், பத்தாம் வகுப்பு வரை மட்டுமே பயின்று, ரயில்வேயில் எழுத்தராகக் காலம் கழிக்கும் எளியேன் என்ன பேசப் போகிறேன் என்று நீங்கள் எண்ணலாம். படிவங்களையும் எண்களையும் பார்த்துப் பழகிய கண்கள் என்னுடையவை. ஆகவே ஒரு படிவத்தைப் பற்றியும், அப்படிவம் இருப்பதே தெரியாமல் ஒரு தாய் இழந்த ஆண்டுகளைப் பற்றியும் பேச விரும்புகின்றேன். மனநோயாளர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் அரசு ஒதுக்கும் நிதி எங்கே இருக்கிறது, எவ்வாறு பெறுவது என்னும் செய்தி பொதுமக்களை அடைய வேண்டும் என்பதே என் உரையின் பொருள்.

பாலக்காட்டு ரயில்வே காலனியில் வாழும் நம்மிற் பலர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். நான் இதே கேரளத்தின் மற்றொரு மூலையிலிருந்து வந்தவன். இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தைச் சேர்ந்த வட்டவடை என் ஊர். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வழியாக ஏறத்தாழ 45 கிலோமீட்டர் செல்ல வேண்டும். கோவிலூர், கொட்டக்கம்பூர், பழத்தோட்டம், சிலந்தியாறு எனச் சிற்றூர்களும், முதுவர் பெருமக்களின் குடிகளும் சூழ்ந்த மலைநாடு அது. பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் விளையும் படிநிலங்களில் பேசும் மொழி தமிழ். அலுவலகத்துப் படிவங்களின் மொழி மலையாளம். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒரு காலத்தில் சிறு ரயில் ஓடியதென்றும், 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதனை அழித்துச் சென்றதென்றும் எங்கள் முதியோர் சொல்வர். அதன்பின் அம்மலைக்கு ரயில் வரவில்லை. மக்களுக்குரிய செய்திகள் பலவும் அவ்வாறே அடிவாரத்தில் நின்றுவிட்டன.

என் பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன் முறை. கடும் உழைப்பாளி. இருபத்தைந்து வயதில் அவருக்கு உறக்கம் கெட்டது. தனக்குத்தானே பேசத் தொடங்கினார். பிறகு விளைநிலத்துக்குப் போவதையே விட்டார். காத்துக் கருப்பு என்றனர் சிலர். செய்வினை என்றனர் சிலர். மந்திரித்தார்கள்; கயிறு கட்டினார்கள். இறுதியில் ஏர்வாடிக்குக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என உறவினர் முடிவு செய்திருந்தனர். அந்நிலையில்தான் 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் அந்தக் கொடிய செய்தி வந்தது. ஏர்வாடியில் தனியார் விடுதி ஒன்றில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் வெந்து மாண்டனர். பெரியம்மா, "என் பிள்ளை என் கண்முன்னேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

அவர் கண்முன்னேயே இருந்தார். பெரியம்மா கூலிக்குப் போவதை நிறுத்தினார். மருந்துக்கும் பயணத்துக்குமாக இரண்டு துண்டு நிலம் கைமாறியது. இப்படியே பதினோராண்டுகள் கழிந்தபின், மருத்துவமனை வரிசையில் உடன் நின்ற முன்பின் அறியாத ஓர் அம்மையார், "உங்கள் மகனுக்குச் சான்றிதழ் வாங்கி ஓய்வூதியத்துக்கு எழுதிப் போடவில்லையா?" என்று கேட்டார். அக்கேள்வியை அதற்கு முன் ஒருவரும் கேட்டதில்லை. மனு எழுதிக்கொண்டு சென்றபோது, கடந்துபோன காலத்துக்கு ஒன்றும் தருவதற்கில்லை என்று விடை கிடைத்தது. எந்த அலுவலகம் என்று நான் சொல்லப் போவதில்லை. அங்கிருந்தவர் விதியைத்தான் சொன்னார். ஆனால் அந்த விதியைப் பதினோராண்டுகளுக்கு முன்பே சொல்ல வேண்டியவர் யார்?

அன்பர்களே, பிறரைக் குறை கூறுமுன் என் குறையையும் இந்த அவையில் ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் சிறு நிலையம் ஒன்றில் பயணச்சீட்டு முகப்பில் அமர்ந்திருந்தேன். ஒரு முதியவர் வாலிப வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, மருத்துவர் தந்த தாளை நீட்டிக் கட்டணச் சலுகை கேட்டார். துணையின்றிப் பயணம் செய்ய இயலாத, அறிவுத்திறன் வளர்ச்சி குன்றியவர்க்கும் உடன் செல்லும் துணைவர்க்கும் இரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடு சலுகை உண்டு. பிற மனநோய்க்கு அச்சலுகை இல்லை. அவர் நீட்டிய தாளில் இருந்தது மனநோய். "இது செல்லாது" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தேன். அவர் முழுக் கட்டணம் கொடுத்துச் சென்றார். "இங்கே இல்லை, ஆனால் உங்களுக்குரிய உதவி வேறோரிடத்தில் உண்டு" என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. பெரியம்மாவின் கதை பிற்பாடு தெளிவானபோது, நானும் அம்மூடிய சாளரங்களுள் ஒன்றாக இருந்திருக்கிறேன் என்று உணர்ந்தேன்.

இனி, நிதி எந்த வழிகளில் வருகிறது என்று சுருக்கமாகக் கூறுகிறேன். 1982இல் தேசிய மனநலத் திட்டம் தொடங்கியது. கருநாடகத்துப் பெல்லாரி மாவட்டத்தில் செய்து பார்த்த முறையைக்கொண்டு 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் உருவாயிற்று. மருத்துவரும் செவிலியரும் மருந்தும் பெரிய நகரத்து மருத்துவமனையிலேயே தங்கிவிடாமல் வட்டங்களுக்கும் சென்று சேர வேண்டும் என்பது அதன் நோக்கம். கேரளத்தின் 14 மாவட்டங்களிலும் இத்திட்டம் உண்டு. இதற்கான பணம் இன்று தேசிய நலவாழ்வு இயக்கத்தின் வழியாக வருகிறது. மனநோய் தணிந்தவர்கள் இல்லம் திரும்புமுன் தங்கிப் பழகும் இடைநிலை இல்லங்களை நடத்தும் தொண்டு நிறுவனங்கட்கு மத்திய அரசின் தீனதயாள் மறுவாழ்வுத் திட்டத்தில் மானியம் உண்டு. இவை நிறுவனங்களின் வழியே வரும் நிதி.

குடும்பத்தின் கைக்கே வரும் உதவி வேறு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் மனநோயையும் இயலாமைகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. அரசு மருத்துவக் குழு ஆராய்ந்து 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்று சான்றளித்தால் பல உதவிகளுக்கு வாயில் திறக்கிறது. கேரளத்தில் அவ்வியலாமைக்குரிய ஓய்வூதியம் 1,600 ரூபாயாக இருந்து, 2025 நவம்பர் முதல் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முழுநேரத் துணை வேண்டுவோரை வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்க்காக மாதம் 600 ரூபாய் தரும் ஆசுவாசகிரணம் என்னும் திட்டத்தைக் கேரளச் சமூகப் பாதுகாப்பு இயக்கம் வகுத்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. வறுமைக்கோட்டின்கீழ் வாழும் மனநோயாளர், அதற்குரிய அட்டை கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு நிலையங்களில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம் என்று அச்சட்டம் சொல்கிறது. இலவசச் சட்ட உதவியும் உண்டு.

இத்தனையும் ஏட்டில் உள்ளன. ஆனால் 2015–16இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம், கேரளமும் தமிழ்நாடும் உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வு என்ன கண்டது? நோயின் வகைக்கேற்ப, நூறு பேரில் 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறாமலேயே இருந்தனர். இதற்குக் காரணங்கள் பல. வெட்கம் ஒன்று, தொலைவு ஒன்று, மருத்துவர் பற்றாக்குறை ஒன்று. எங்குச் செல்வது என்று தெரியாமை மற்றொன்று. முதல் மூன்றையும் நீக்கப் பெரும்பொருளும் நெடுங்காலமும் வேண்டும். நான்காவதை நீக்க ஒரு தாளும் ஒரு பசைக்குவளையும் போதும்.

நம் தொழிலையே எண்ணிப் பாருங்கள். கால அட்டவணையும் கட்டணப் பட்டியலும் ஒட்டாமல் ஒரு ரயில் நிலையம் நடத்தினால் பயணிகள் பொறுப்பார்களா? "வண்டி உண்டு, எப்போது, எந்த மேடைக்கு என்று தெரிந்தவர் ஏறிக்கொள்ளலாம்" என்று அறிவித்தால் என்ன ஆகும்? தெரிந்தவர் சிலர் ஏறுவர்; வண்டி காலியாகப் போகும்; "பயணிகள் இல்லை" என்று கணக்கு எழுதப்படும். மனநல நிதியின் நிலையும் அத்தகையதே. கேட்போர் இல்லாத நிதி, தேவையில்லாத நிதி என்று பெயர் பெறும்.

செய்தியை வெளியிடுவது அலுவலரின் கருணையன்று, கடமை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, மானியத் திட்டங்கள் எவ்வாறு நடத்தப்படுகின்றன, எவ்வளவு தொகை ஒதுக்கப்பட்டது என்பவற்றை யாரும் கேளாமலே வெளியிட வேண்டும் என்கிறது. உள்ளூர் மொழியையும், அவ்வூர்க்கு ஏற்ற முறையையும் கருதி வெளியிட வேண்டும் என்றும் சொல்கிறது. கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழரும் கன்னடரும் தலைமைச் செயலகத்தோடும், மொழிச் சிறுபான்மைப் பகுதியென அறிவிக்கப்பட்ட இடங்களின் அலுவலகங்களோடும் தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என்கிறது. இவ்வுரிமை இருப்பதே நம்மிற் பலர் அறியாதது. பயன்படாத உரிமை துருப்பிடித்த பூட்டைப் போன்றது. சாவி நம் கையில் இருந்தும் திறவாது.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். திறந்து வைக்க வேண்டியது திட்டத்தின் கணக்கு, நோயாளியின் பெயரன்று. இன்னார் வீட்டில் இன்னார்க்கு மனநோய், இவ்வளவு ரூபாய் உதவி என்று பஞ்சாயத்துப் பலகையில் எழுதினால், அவ்வீட்டுப் பெண்ணுக்கு மணம் பேச யார் வருவார்? அவ்வச்சத்தாலேயே மனு எழுதாதவர் பலர். நோயாளியின் செய்தியை மறைவாகக் காக்க வேண்டும் என்று மனநலச் சட்டமே சொல்கிறது. ஆகவே தொகையைச் சுவரில் எழுதுவோம். பெயரை நெஞ்சில் வைத்துப் பூட்டுவோம்.

நம் சங்கம் செய்யத்தக்க பணிகள் மூன்றினை உங்கள்முன் வைக்கிறேன்.

முதலாவது, ஒரே ஒரு தாள். தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும். என்ன உதவி, எவ்வளவு தொகை, என்னென்ன சான்றுகள், எந்த அலுவலகம், மனநல மருத்துவர் எந்தக் கிழமை எந்த மருத்துவமனைக்கு வருகிறார், புதிய மனுக்கள் இப்போது வாங்கப்படுகின்றனவா, நிலுவை உண்டா என்பவை அதில் இருக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் இலவசத் தொலைபேசி உதவியின் எண் 14416, தமிழிலும் பேசலாம். அதுவும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். நம் காலனியிலும் வட்டவடையிலும் ரேஷன் கடை, பள்ளி, கோயில், தேவாலயம், பஞ்சாயத்து அலுவலகம் ஆகிய இடங்களில் ஒட்டுவோம். ஆண்டுதோறும் திருத்துவோம். பழைய அட்டவணை, அட்டவணையே இல்லாததைவிடக் கேடானது.

இரண்டாவது, ஒரு விசாரணை முகப்பு. எழுத்தறியாத தாய்க்குத் தாள் மட்டும் போதாது. ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் சங்க அறையில் இருவர் அமர்ந்து, மனு எழுதித் தருவோம். அவர்களுள் ஒருவனாக என் பெயரை இன்றே எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஒரு கேள்வி. இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் மனநலத் திட்டத்துக்கு ஆண்டுதோறும் எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவாயிற்று, எத்தனை நாள் மருத்துவ முகாம் நடந்தது, தேவிகுளம் வட்டத்தில் எத்தனை பேர் பயன் பெற்றனர் என்று பெயர்கள் இன்றி எண்ணிக்கை மட்டும் கேட்போம். கட்டணம் 10 ரூபாய். விடை தர வேண்டிய காலம் 30 நாள். பகைமையோடு அன்று, பயணி வண்டியின் நேரம் கேட்பதுபோலக் கேட்போம்.

பெரியம்மா இன்று இல்லை. அண்ணன் மருந்து உண்கிறார். காலையில் பூண்டு வயலின் வரப்பில் சிறிது நேரம் அமர்கிறார். சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது, என் கையைப் பற்றி, "மருந்து தீர்ந்துபோனால் எங்கே வாங்குவது என்று எழுதி வைத்துவிட்டுப் போ, தம்பி" என்றார். எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன். அந்த ஒரு சுவரில் ஒட்டியதை ஊர்ச் சுவர்களிலெல்லாம் ஒட்ட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.