கோலைக் கீழே போட்ட தாய்

(தக்கலையில் பெற்றோர்க்கென நிகழ்ந்த சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தக்கலையை அடுத்த பத்மநாபபுரத்தில் எழுந்தருளியிருக்கும் கலைமகள், ஆண்டுதோறும் நவராத்திரி விழாவிற்காக யானைமீது அமர்ந்து திருவனந்தபுரம் செல்கின்றாள். வேளிமலைக் குமாரசுவாமி குதிரை வாகனத்திலும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை பல்லக்கிலும் உடன் எழுந்தருள்கின்றனர். விழா நிறைவில் வரும் விசயதசமியன்று குழந்தைகளுக்கு ஏடு தொடங்குகின்றோம். பெரியவர் ஒருவர் குழந்தையை மடியில் இருத்தி, அதன் பிஞ்சு விரலைப் பற்றி, பரப்பிய அரிசியில் முதலெழுத்தை எழுதுவிக்கின்றார். ஆனால் சில ஆண்டுகள் கழிந்ததும், மதிப்பெண் குறைந்தது என்று அதே கை பிரம்பை எடுக்கின்றது. பெற்ற பிள்ளையை அடித்துத் திருத்துதல் தகுமா என்பதே இன்று சிந்திக்க வேண்டுவது.

'அடியாத மாடு படியாது' என்பது நம்மவர் பழமொழி. முன்னாளில் திண்ணைப் பள்ளிகளில் பிரம்படி மட்டுமன்றி, மாணவனைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்னும் தண்டனையும் இருந்தது. 'அவ்வாறு அடிபட்டுப் படித்தவர்கள் பெரும்புலவர்களாக விளங்கவில்லையா?' என்று பெரியோர் வினவுவர். நேர்மையான வினாவே. ஆயினும், அடிக்கு அஞ்சிப் படிப்பையே கைவிட்டவர்கள் எத்தனை பேர் என்பதை எவரும் எண்ணி வைக்கவில்லை. அவர்கள் அவையேறிச் சான்று சொல்ல வருவதுமில்லை. கற்றவரை உயர்த்தியவை ஆசிரியரின் புலமையும் பரிவும், மாணவனின் உழைப்புமே ஆகும். அன்றியும், மாட்டிற்குக் காரணம் சொல்லிப் புரியவைக்க இயலாது, மகனுக்கு இயலும்.

பாகவதம் ஒரு காட்சியை நமக்குக் காட்டுகின்றது. கண்ணன் தயிர்ப்பானையை உடைத்து, வெண்ணெயைக் குரங்குகளுக்கு அள்ளிக் கொடுத்தான். யசோதை கோலை எடுத்துக்கொண்டு துரத்தினாள். குழந்தை ஓடினான், பிடிபட்டான், அழுதான், மை கலைய விழிகளைக் கசக்கினான். அவன் முகத்தில் அச்சத்தைக் கண்ட அக்கணமே அன்னை கோலைக் கீழே போட்டுவிட்டாள். ஆனால் செய்த குறும்பிற்கு ஒரு வரம்பு வேண்டும் என்று கருதி அவனை உரலில் கட்ட முயன்றாள். கயிறு இரண்டு அங்குலம் குறைந்தது. வேறு கயிறுகளை இணைத்தும் அவ்விரண்டு அங்குலம் குறைந்துகொண்டே வந்தது. இறுதியில் வியர்த்துக் களைத்த தாயைக் கண்டு மனமிரங்கி, கண்ணன் தானே கட்டுண்டான். தாமோதரன் என்னும் திருநாமம் இதனால் வந்தது.

இங்கே இரண்டு செய்திகள் உள்ளன. தாய் அடிக்கவில்லை, அதே வேளையில் குற்றத்தைக் கண்டும் காணாமல் விட்டுவிடவும் இல்லை. இன்று பிள்ளையைக் கயிற்றால் கட்ட வேண்டும் என்பதன்று இதன் பொருள். கயிறு என்பது வரம்பு. அந்த வரம்பிற்குப் பிள்ளை உட்படுவது, தன்பொருட்டு வருந்தும் தாயின் அன்பை அது உணரும்பொழுதே. பிள்ளையின் உடன்பாடு இல்லாத கட்டுப்பாட்டிற்கு என்றும் இரண்டு அங்குலம் குறைவாகவே இருக்கும்.

மதுரையில் இறைவன் பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலையும் நினைவுகூர்தல் தகும். வந்தியின் கூலியாளாக வந்த பெருமான் வேலை செய்யாமல் ஆடியும் பாடியும் உறங்கியும் இருந்தார் என்று பாண்டியன் பிரம்பால் அடித்தான். அவ்வடி அரசன் மீதும் அரசி மீதும் எல்லா உயிர்கள் மீதும் பட்டது. இல்லத்தில் நிகழ்வதும் இதுவே. ஒரு பிள்ளைமேல் விழும் அடி, பார்த்து நிற்கும் தங்கையின் மேலும், தடுக்க இயலாத தாயின் மேலும், இரவில் உறக்கமின்றி வருந்தும் தந்தையின் மேலும் படுகின்றது.

அடியினால் விளையும் பெருங்கேடு வேறொன்றும் உண்டு. அடிக்கு அஞ்சும் பிள்ளை தவற்றை விடுவதற்கு முன் அதனை மறைக்கக் கற்றுக்கொள்கின்றது. மதிப்பெண் அட்டையை ஒளிக்கின்றது. தந்தையின் கையொப்பத்தைத் தானே இடுகின்றது. பின்னொரு நாள் அயலான் ஒருவனால் உண்மையான தீங்கு நேரும்பொழுதும், 'அப்பாவிடம் சொன்னால் அடிப்பார்' என்று வாய்திறவாமல் இருந்துவிடுகின்றது. பெற்றோரின் துணை மிகவும் வேண்டிய அந்த வேளையில் பெற்றோரே அச்சத்திற்குரியவர் ஆகிவிடுகின்றனர்.

நாட்டின் சட்டமும் இவ்வழியே நடந்து வந்துள்ளது. தமிழகப் பள்ளிகளில் உடல்தண்டனை 2003-ஆம் ஆண்டில் கல்வி விதிகளைத் திருத்தி விலக்கப்பட்டது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடலை வருத்துவதோடு மனத்தை வருத்துவதையும் தடைசெய்கின்றது. இல்லத்திற்கென்று நம் நாட்டில் இத்தகைய தனிச்சட்டம் இல்லை. எனினும், பொறுப்பிலுள்ளவர் குழந்தைக்குக் கொடுமை இழைப்பது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றமாகும். சுவீடன் நாடு 1979-ஆம் ஆண்டிலேயே இல்லத்திலும் அடியை விலக்கியது. அண்டை நாடான நேபாளம் 2018-ஆம் ஆண்டில் விலக்கியது. ஆசிரியர் கையிலிருந்து பிரம்பைச் சட்டம் வாங்கிவிட்டது; பெற்றோர் அதனைத் தாமே முன்வந்து கீழே வைத்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் தவறு செய்யும் பிள்ளையை எவ்வாறு திருத்துவது? சினம் எழுந்த நேரத்தில் பேசாதிருத்தல் முதற்படி. ஒரு செம்பு நீர் அருந்தி, சற்று வெளியே நடந்து வரலாம். அதன்பின் பிள்ளையை அருகில் அமர்த்தி, நடந்ததை அதன் வாயாலேயே கேட்க வேண்டும். உண்மை சொன்னால் அந்த உண்மைக்காகப் பாராட்டிவிட்டுத் தவற்றைக் கண்டிக்க வேண்டும். நீரைக் கொட்டியவன் துடைக்கட்டும்; தம்பியின் பொருளை உடைத்தவன் தன் சேமிப்பிலிருந்து ஈடுசெய்யட்டும். சொன்ன வரம்பை நாள்தோறும் மாற்றாதிருத்தலும் வேண்டும். முன்பே அடித்துவிட்டவர், 'நான் அவ்வாறு செய்திருக்கலாகாது' என்று பிள்ளையிடம் சொல்வதால் சிறுமை அடையமாட்டார்.

வள்ளுவர் மக்கட்பேற்றைப் பேசும்பொழுது, குழந்தையின் மேனியைத் தீண்டுதல் பெற்றோர்க்கு இன்பம் என்றே கூறினார். அத்தீண்டல் குழந்தைக்கும் இன்பமாகவே இருத்தல் வேண்டும்.

திருக்கோயிலுக்குப் பிள்ளைகளுடன் வந்துள்ள அன்பர்கள், இல்லம் திரும்பும்பொழுது அவர்களின் கையைப் பற்றிக்கொண்டு செல்வார்களாக. அரிசியில் எழுதுவித்த நாளில் பற்றிய கை அதுவே. வேளிமலைக் குமரன் திருவருள் எல்லா இல்லங்களிலும் நிலவுக!